முதலில் கை வைத்தது யார்

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். மேட்டுப்பாளையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் மலையேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு ஏற்றிவிடும் ஏஜெண்டாகி, சொந்தமாக இரண்டு லாரி நிறுத்தினேன். எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. வழியில் நின்றவனை அடித்தேன், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் ஒருவனுக்கு இரண்டு பல் போனது. எமரால்டு ஊரில் ஒருவனை உருளைக்கிழங்கு மூட்டையோடு சேர்த்து ஓடையில் உருட்டிவிட்டேன். அதற்கெல்லாம் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கம் இல்லை.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் மலை முழுவதும் கை ஓங்கியபடிதான் இருந்தது. தோட்டக்காரர்கள் யாரை அடிப்பது என்று தெரியாமல் ஏஜெண்டுகளின் லாரிக் கண்ணாடியை உடைத்தார்கள். ஃபேக்டரியிலோ முற்றிய இலை என்று சொல்லி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் காலை எடை மேடையில், சூப்பர்வைசர் என் மூட்டையை எட்டி உதைத்தான்.

"இத மாடுகூடத் திங்காது. எடுத்துட்டுப் போய்யா."

அதற்குப் பிறகு நடந்ததை, என்னை முதலில் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இப்படிச் சொன்னேன்: "பளார்னு ரெண்டு உட்டேனுங்க. மூக்குல ரத்தம். அப்பறந்தான் பொறத்தால வந்து தள்ளிப்போட்டான்." அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

கோயம்புத்தூரில் எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் பந்து போல இருக்கிற எலும்பு ஒடிந்துவிட்டது. ஒட்டாது. எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தால் நடக்கலாம், இல்லையென்றால் படுக்கைதான். கையில் காசு இல்லை. லாரிக் கடன் கொடுத்தபோது பேங்கில் என் தலையில் கட்டிய இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது. தேய்மானத்துக்கு மூட்டு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும், விபத்தென்றால் உடனே தருவார்கள் என்றார்கள். அப்புறம் என்ன, அடிபட்டவன்தானே நான் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் படுக்கையில் வெலிங்டன் ராணுவ ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையரான ஒருவர். என் சண்டையைத் தினமும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"ஏனுங்க, நேத்து ரெண்டு அறைன்னீங்க. இன்னைக்கு நாலாயிருச்சு?"

"நேத்து வலிங்க சார். எண்ண முடியல."

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா விசாரிக்க வந்தார். முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு அவர் கையில் இருந்தது.

"ஐயா, சண்டையில முதல்ல கை வெச்சது நீங்கன்னு எழுதியிருக்கு. அப்படின்னா கம்பெனி தராது. நீங்க சும்மா நிக்கறப்ப இன்னொருத்தர் அடிச்சிருந்தா தரும். யாரு முதல்ல அடிச்சது?"

"நான்தான். எப்பவும் நான்தான். இந்தக் கால் மட்டும் ஊணட்டும், உங்க ஆபீஸ்ல ஒரு கண்ணாடி மிஞ்சாது."

"ஊணறதுக்குத்தான் ஐயா கேக்கறேன்."

என் சம்சாரம் குறுக்கே வந்தாள். "மேடம், சித்த வெளிய நில்லுங்க."

அவர் நகர்ந்ததும் நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவள்மேல் வீசினேன். வெந்நீரோடு நெற்றியில் பட்டுத் தெறித்தது. அவள் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. ஒடிந்த தொடையின்மேல் கையை வைத்தாள். அமுக்கவில்லை, வைத்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

"நாப்பது வருசமா உங்க அடியத் தின்னவ நானு. உங்க கை எங்க ஏறும், எங்க ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா? நம்ம லாரி டிரைவர் எல்லாத்தையும் சொல்லிட்டான். அங்க உங்க கை மேலயே போகலீங்க."

"ஏ புள்ள, மெதுவாப் பேசு. சார் காதுல உழுகுது."

"உழுகட்டும். நெசத்தச் சொல்லி எந்திரிச்சு நடங்க. இல்ல, படுத்தே கெடங்க. பீத்துணி தொவைக்க நான் வரமாட்டேன். இத நான் வீம்புக்குச் சொல்லல."

அவள் வீம்புக்குப் பேசுகிறவள் இல்லை. நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

சொன்னேன். மூட்டையை உதைத்தபோது நான் கத்தினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். கை வைக்கவில்லை. அவன் இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினான். மேடையிலிருந்து சிமெண்டு விளிம்பில் விழுந்தேன். உள்ளே ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் இறங்கி வந்து அதே இடுப்பில் இரண்டு உதை விட்டான். பிறகு மூட்டையை அவிழ்த்து என் முகத்தில் கொட்டினான். வாய்க்குள் இலை போய்விட்டது. இலையைத் துப்பிவிட்டு, "அம்மா" என்று கத்தினேன்.

"திருப்பி அடிச்சீங்களா?"

"எந்திரிக்கவே முடியலீங்க."

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அடிவாங்கினேன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார். வார்டு முழுக்கக் கேட்டது. கையெழுத்துப் போட்டேன். டிரைவரும் மூட்டை இறக்குகிற இரண்டு பேரும் சாட்சி சொன்னார்கள். அப்புறம் சூப்பர்வைசர்மேல் நான் போலீஸில் கொடுத்த புகார்த் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் கம்பெனி சம்மதம் சொல்லிவிட்டது.

"அப்ப அந்த நாலு அறையும்?" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

"அத நீங்களே வெச்சுக்குங்க சார்."

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். ஆள் முழித்திருந்தேன். முன்னால் பச்சைத் துணி. இரண்டு கைகளையும் பலகையில் நீட்டிக் கட்டிவிட்டார்கள். அறுத்தார்கள். ரம்பம் ஓடியது, எலும்பு தீய்கிற நாற்றம் வந்தது. பிறகு சுத்தியல். ஒவ்வோர் அடிக்கும் மேஜையோடு சேர்ந்து நான் மேலே நகர்ந்தேன், தாடை கிடுகிடுத்தது. எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், இப்படி ஓர் அடியை நான் கொடுத்ததில்லை. கட்டிய கை தானாக முறுக்கிக்கொண்டது.

டாக்டர் துணிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஐயா, வலிக்குதா? நிறுத்தட்டுமா?"

"வேண்டாங்க," என்றேன். "நல்லாவே அடிங்க."