படையில் கடைசி இருவர்

எங்கள் அத்தைக்கு ஊர் வைத்திருந்த பெயர் வாயாடி. இதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வாயாடி என்றால் தேவையில்லாமல் பேசுகிறவள். அத்தை தேவைக்குத்தான் பேசினாள். எங்கள் தெருவில் தேவை கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. எட்டாவது வரை படித்தவள். பூம்புகார்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, வருடம் திரும்புவதற்குள் டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "அந்த ஊரு தண்ணி உப்பு" என்றாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கி, அம்மாவோடு நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் கட்சிக்காரர்கள் ஒரு படிப்பகம் வைத்திருந்தார்கள். கீற்றுக் கொட்டகை, கொடிக்கம்பம், தினசரிகள், ஒரு வாரப் பத்திரிகை, பண்ணையார் வீட்டிலிருந்து இனாமாக வந்த ஒரு பெஞ்சு. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்கும் எழுதிப் போட்டிருக்கவில்லை. எழுதிப் போடாததால் அத்தை போனாள். எல்லாரும் புரட்டிக் கசக்கிய பிறகு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வருவாள். படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் முதலில் சத்தம் போட்டார். அந்தப் பக்கத்தை வேறு யாரும் சீந்துவதில்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டார்.

அது சும்மா பொருள் கேட்டுக் கட்டம் நிரப்புகிற புதிர் இல்லை. ஒவ்வொரு குறிப்பும் ஒரு வாக்கியமாக இருக்கும். படித்ததும் ஒரு அர்த்தம் தெரியும். அதை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பார்த்தால்தான் விடை வரும். அத்தை குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போய், நாற்றுமுடியை அவிழ்க்கும்போது மற்ற பெண்களிடம் சொல்லுவாள். நான் வரப்பில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன்.

"பெருமாள்கிட்ட ஆயுதத்தைக் குடுத்தா கதிர் அறுக்கலாம். நாலு எழுத்து."

"அரிவாள்" என்றாள் அம்மா, குனிந்த தலை நிமிராமல்.

"எப்படி அண்ணி சொன்ன?"

"எப்படின்னா? கதிரைக் கைப்பிடி கைப்பிடியா, அரி அரியா அறுத்துப் போடுறோம்ல, அதுக்குத்தான அரிவாள். இதுல பெருமாளுக்கு என்ன வேலை?"

"அரின்னா பெருமாளுக்கும் பேரு. அரியோட வாளைச் சேத்தா அரிவாள்."

"அப்ப அவரே வந்து அறுக்கட்டும். நான் கரையேறி ஒக்காந்துக்கறேன்."

வயலே சிரித்தது. அத்தை மட்டும் விடமாட்டாள். விடை சரியாக இருந்தால் போதாது, வந்த வழியும் சரியாக இருக்க வேண்டும் என்பாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தனியாகப் பாடம் நடக்கும். "புதிர் போடுறவ பொய் சொல்லக்கூடாது பாப்பா. உண்மையைத்தான் சொல்லணும். ஆனா கேக்குறவன் வேற பக்கம் பாக்குற மாதிரி சொல்லணும்."

எங்கள் தெரு முழுக்கப் பண்ணையாருடைய இடத்தில் இருந்தது. சுவர் நாங்கள் வைத்தது, கூரை நாங்கள் வேய்ந்தது, அடியில் இருந்த மனை மட்டும் அவருடையது. கூலி கூட்டிக் கேட்டாலோ கொடி பிடித்தாலோ, "என் மனையை விட்டு எறங்கு" என்ற ஒரு வார்த்தை போதும், கேட்டவன் வாயை மூடிக்கொள்வான். குடியிருக்கிற மனை இனிமேல் குடியிருப்பவர்களுக்கே என்று அரசாங்கம் சொல்லியிருப்பதை அத்தை படிப்பகத்துத் தினசரியில் படித்தாள். அதிகாரிகள் ஊர் ஊராக வந்து, எந்த மனையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டா எழுதுவார்களாம். அத்தை அப்பாவிடம் சொன்னாள். "பேப்பர்ல போடுறதெல்லாம் நமக்கா போடுறான்?" என்றார் அப்பா.

காரியக்காரருக்கு அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. பண்ணையின் ஆள் அம்பு, கணக்கு வழக்கு எல்லாம் அவர் பொறுப்பு. நடவுக் காலமாக இருந்ததால் அதட்டாமல் தேனொழுகப் பேசினார். பண்ணைக் களத்தை அகலப்படுத்தப் போகிறார்கள், தூசி தாங்காது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நாள் இருங்கள், மூங்கிலும் கீற்றும் பண்ணையே தரும், அறுவடை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றார். தெருவின் கடைசி வீட்டுக்காரரும் அதற்கு முந்தின வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்கள். அவர்கள் வாசலில் பச்சை மூங்கில் வந்து இறங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. எங்கள் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் ஆசை வந்தது.

இதைப் பேசத் தெருக்கூட்டம் போட்டார்கள். "இப்ப போனா திரும்பி வர முடியாது. அதிகாரிங்க வர்றப்ப நாம இங்க இருக்கணும்" என்று அத்தை எழுந்து ஆரம்பித்தாள். நாட்டாமை அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, "ஒன் தங்கச்சிய ஒக்காரச் சொல்லு. ஆம்பளைங்க பேசுற எடம்" என்றார்.

எங்கள் தெருக்கூட்டத்தில் ஒரு பெண் பேச ஒரே வழிதான் இருந்தது. அவள் மேல் யாராவது பிராது கொடுத்திருக்க வேண்டும். பிராது இருந்தால் நடுவில் நிறுத்தி, நீ என்ன சொல்ற என்று கேட்பார்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது. அத்தை மேல் அன்று பிராது எதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் நாட்டாமையின் துண்டைப் பிடித்து இழுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

அந்த வாரப் புதிரில் அத்தை ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டாள். எங்கள் பத்திரிகையின் புதிரில் சொற்கள் நாலு திசையிலும் ஓடும். இடமிருந்து வலம் போலவே வலமிருந்து இடமும் உண்டு, மேலிருந்து கீழ் போலவே கீழிருந்து மேலும் உண்டு. இது கீழிருந்து மேல், ஏழு. மூன்று எழுத்து. 'படையில் கடைசி இருவர் ஓடிவிட, இருக்கும் இடம் சொந்தம்.'

"படைன்னா ஒடம்புல வர்ற படைதான்" என்றாள் அம்மா. "விடை களிம்பு."

"அது நாலு எழுத்து அண்ணி."

"ஒரு கட்டம் சேத்துக்க. கட்டத்துக்கா பஞ்சம்?"

ஒரு மாலைப்பொழுதில் பக்கத்தையே முடித்துவிடுகிற அத்தை, இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முழித்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். "எனக்கு வர மாட்டேங்குது பாப்பா. நீ பாடம் பண்ணிக்கிட்டுப் போயி எல்லாரையும் கேளு. சத்தமாச் சொல்லு. கடைசி வீட்டுப் பக்கம் மறக்காம கேளு. அவங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்."

அத்தைக்கே வராத விடையைக் கொண்டுவந்து கொடுக்கிற பெருமை எனக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று கிளம்பினேன். தெருவில் மேலும் கீழும் நடந்து ராகம் போட்டுச் சொன்னேன். கடைசி வீட்டு வாசலில் மூங்கில் மேல் ஏறி நின்று சொன்னேன். களத்து வழியாக வரும்போது காரியக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன புள்ள பாடுற?"

குறிப்பைச் சொன்னால் திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அத்தை பழக்கியிருந்தாள். ஒழுங்காகச் சொன்னேன். "கீழிருந்து மேல். படையில் கடைசி இருவர் ஓடிவிட, இருக்கும் இடம் சொந்தம்."

அவர் முகம் மாறியது. "கீழருந்து மேலயா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"அத்தை."

"படையில எத்தனை பேரு?"

எழுத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "மூணு" என்றேன்.

"மூணு ஊரு சேந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பண்ணை வீட்டுப் பக்கம் மிதித்தார். மறுபக்கம், கடைசி வீட்டுக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு நாட்டாமையிடம் போனார். "கடைசி ரெண்டு பேரும் ஓடுறாங்களாம்! நாங்க என்ன ஓடுகாலியா? சின்னப் புள்ளைய விட்டுப் பாடச் சொல்லி மானத்தை வாங்குறா." பிராது கொடுத்தாயிற்று. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்து, வாரி முடித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

கூட்டம் படிப்பகத்து வாசலில் சாயங்காலம் நடந்தது. படை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் காரியக்காரர், பண்ணையாரின் மாப்பிள்ளையையும் அழைத்து வந்திருந்தார். அவர்கள் இரண்டு பேருக்காகவும் பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் தரையில்.

"நீ என்ன சொல்ற?" என்றார் நாட்டாமை.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. பத்திரிகையில வந்த புதிர். விடை தெரியாம நானே திண்டாடுறேன். இத்தனை பேரு கூடியிருக்கீங்க, சேந்து யோசிச்சா வந்துரும்."

பத்திரிகைதானா என்று படிப்பகத்து அண்ணனைக் கேட்டார்கள். "ஆமாங்க, வாராவாரம் அந்தப் பக்கத்தைக் கிழிச்சிக்கிட்டுப் போயிருது" என்றார். அது சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அத்தை ஒரு குச்சியை எடுத்து, தன் காலடியிலிருந்து பெஞ்சு வரைக்கும் மண்ணில் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து கட்டம் போட்டாள். பிறகு கடைசி வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, படைக்கு நம்ம பக்கம் வேற என்ன பேரு?"

"சொறி" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"பட்டாளம்" என்றார் அவர் விறைப்பாக. "என் தம்பியே அங்கதான இருக்கான்."

"பட்டாளம். அஞ்சு எழுத்து. கீழிருந்து மேல் எழுதணும்." காலடிக் கட்டத்தில் ப எழுதினாள். அடுத்து ட், டா. நாலாவது கட்டத்தில் ள. ஐந்தாவது, காரியக்காரரின் செருப்புக்குப் பக்கத்தில், ம்.

"இப்ப பாருங்கண்ணே, கடைசி ரெண்டு நீங்க இல்ல. கீழருந்து ஏறுனா கடைசி ரெண்டும் மேலதான இருக்கு."

எல்லாத் தலையும் கட்டத்தோடு சேர்ந்து மேலே ஏறிப் பெஞ்சில் போய் நின்றது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு நாட்டாமையே துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அத்தை நடந்து போய், ள, ம் இரண்டையும் காலால் அழித்தாள்.

"மிச்சம் என்ன பாப்பா?"

"பட்டா!" என்று நான் கத்தினேன்.

"இருக்கும் இடம் சொந்தம். அதுதான் பட்டா. கீழ இருக்குற மூணு எழுத்தும் ஒரு அடி நகரலை பாத்துக்கங்க. நகந்திருந்தா பட்டா இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. நாட்டாமை படிப்பகத்து அண்ணனைப் பார்த்தார். "என்னப்பா, பட்டாங்குது. நெசமா?"

அவர் பெஞ்சைப் பார்த்தார். கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "நெசந்தாங்க. பேப்பர்ல வந்திருக்கு. குடியிருக்கிற மனையைக் குடியிருக்கிறவங்களுக்கே எழுதித் தருவாங்க. அதிகாரி வர்றப்ப இங்க குடியிருக்கணும்."

"பொட்டச்சி கட்டம் போட்டா பட்டா வந்துருமா?" என்று காரியக்காரர் எழுந்தார்.

"கட்டத்துல வந்துருச்சுங்க. மனைக்கு வர வேண்டியதுதான் பாக்கி" என்றாள் அத்தை.

கடைசி வீட்டுக்காரரும் எழுந்தார். "மூங்கிலை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க ஐயா. நான் ஓடுற ஆளு இல்ல."

மறுநாள் மூங்கில் வண்டியேறியது. அதே வண்டியில் பெஞ்சும் போனது. படிப்பகத்தில் எல்லாரும் பாய் விரித்துப் படித்தார்கள், செய்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் போகம் முழுவதும் பண்ணை வயலில் அத்தைக்கு மட்டும் வேலை கிடையாது என்றார்கள். அவள் பக்கத்து ஊருக்கு நடந்து போய் நட்டாள். அதிகாரிகள் வந்தபோது தெருவில் ஒரு வீடும் குறையவில்லை. பட்டா வீட்டுக்கு வீடு வந்தது, எங்கள் வீட்டுக்கு அப்பா பெயரில். தங்கைக்குத் தனியாக வீடு ஏது என்று அத்தையின் பெயரை எங்கும் எழுதவில்லை. அதற்காக எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஆனால் அந்த வயதில் என் கோபமெல்லாம் பத்திரிகை மேல்தான். கூட்டம் நடந்த அதே வாரம், அடுத்த இதழில் விடைகள் வந்தன. எங்கள் பட்டாவை அச்சில் பார்க்கும் ஆசையில் அத்தைக்கு முன்னால் நான் பக்கத்தைப் பிடுங்கினேன். கீழிருந்து மேல், ஏழு: தவளை. நாலு திசையிலும் விரல் வைத்துத் தேடினேன். பக்கத்தில் எங்குமே பட்டா இல்லை.

"அத்தை, தப்பாப் போட்டிருக்கான்! தவளையாம்! நம்ம தெருவே சேந்து கண்டுபிடிச்ச விடை! கார்டு எழுதிப் போடுவோம் அத்தை, கேப்போம்!"

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "போட்டுட்டுப் போறான் விடு பாப்பா. அவங்க கட்டத்துல அவங்க விடை. நம்ம கட்டத்துல நம்ம விடை."

எதற்கும் விட்டுக்கொடுக்காத அத்தை, இவ்வளவு பெரிய அநியாயத்தை ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் விடுவதாக இல்லை. அடுத்த வாரம் அவள் புதிர்ப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, அந்தப் பத்திரிகையோடு இனி எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.