அம்மாவின் வாயில் வேறொரு குரல்

சென்ற மாதம் ஒரு மதிய இடைவேளையில் என் தோழி தன் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஏய், இது உங்க ஊர் ஷூ கம்பெனி தான? பாட்டு செமையா இருக்குடி."

நாற்பத்தொரு வினாடிக் காணொளி. நீலச் சீருடை அணிந்த மூன்று பெண்கள் தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று பாடுகிறார்கள். தாடைக்குக் கீழே இறக்கிவிடப்பட்ட முகக்கவசங்கள் மூன்றும் புத்தம் புதியவை. இடது ஓரத்தில் நிற்பவள் என் அம்மா. அவள் வாய் அசைகிறது. ஆனால் அதிலிருந்து வருவது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ அமெரிக்க நகரத்தில் இசைத்தட்டில் பதிந்த ஓர் இளைஞனின் குரல். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று அந்தக் காலத்துப் பாடல்களின் இனிமையைப் பற்றியது, மற்றது எங்கள் குடும்பம் எப்போதும் மகிழ்ச்சியாகவே இருந்தது என்பது. "எங்கள் குடும்பம்" என்று கம்பெனி சொன்னது தொழிலாளர்களை. அதற்கும் கீழே எண்ணற்ற இதயச் சின்னங்கள்.

கம்பெனிக்கும் பழைய நினைவுகள் வருகின்றன, பாருங்கள்.

நான் அதிகம் பேசாதவள் என்று வகுப்பில் பெயர் எடுத்தவள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன், "ஆமாம், அதே கம்பெனிதான்" என்றேன். பிறகு மாலை வரை நோட்டின் ஓரத்தில் பேனா முனையை அழுத்திக்கொண்டே இருந்தேன். தாளில் விழுந்த ஓட்டை அடுத்த மூன்று பக்கங்களுக்கும் இறங்கிவிட்டது. என் கோபம் இப்படித்தான் வெளிப்படும். பார்ப்பவர்களுக்கு நான் பொறுப்பாகக் குறிப்பெடுப்பதாகத் தோன்றும்.

ஆம்பூருக்கு அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் நான்காம் வகுப்பில் படித்த ஆண்டு, புதிதாக இறக்கிய தையல் மெஷின்களைப் பழக்க ஒரு வெளிநாட்டு மெக்கானிக் மூன்று மாதம் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பெண்களுக்கு அவர் மொழி தெரியாது. பாட்டு இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. சட்டைப் பையில் இருந்த பென் டிரைவை ஹாலின் ஒலிபெருக்கியில் செருகிவிடுவார். ராக் அண்ட் ரோல் பிறந்த புதிதில் வந்த பாட்டுகள். அவற்றோடு, கருவிகள் அதிகம் இல்லாமல் நான்கைந்து பேர் வாயாலேயே தாளமும் அடிச்சுருதியும் போட்டு, "டூ-வா, டூ-வா" என்று இழைத்துப் பாடும் ஒரு வகை. அதற்கு டூ-வாப் என்று பெயர் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஷூக்களை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆள் என்பதால் அவரை யாரும் தடுக்கவில்லை. அவர் விமானம் ஏறிய மறுநாளே ஒலிபெருக்கி பழையபடி டார்கெட்டை அறிவிக்கும் வேலைக்குத் திரும்பியது.

ஆனால் பாட்டு ஹாலைவிட்டுப் போகவில்லை. அம்மாவின் வலப்பக்கத்து மெஷினில் ரெஜினா ஆன்ட்டி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடிப் பழகியவர். இடப்பக்கத்து மெஷின் நசீமா ஆன்ட்டியுடையது. கல்யாண வீட்டுப் பெண்கள் பக்கத்தில் அவர் குரல் எழுந்தால் சமையல்காரர் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார் என்று சொல்வார்கள். ரெஜினா ஆன்ட்டி பாட்டை மூன்றாகப் பிரித்தார். நசீமா ஆன்ட்டி மேலே, அவர் நடுவில். "செல்வி, நீ கீழ நில்லு. ஒனக்குத்தான் தொண்டையில எடம் ஜாஸ்தி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஆங்கில வார்த்தைகள் மூவருக்கும் வாயில் நிற்கவில்லை. ஆகவே வார்த்தைகளை விட்டுவிட்டு, அர்த்தமில்லாத அசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஹாலில் பேசக்கூடாது என்று போர்டு தொங்கியது. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "இன்னா இது, கச்சேரியா?" என்று கேட்டாராம்.

"போர்டுல பேசாதன்னு தான சார் போட்டிருக்கு? நாங்க இன்னா பேசுனோம், நீங்களே சொல்லுங்க" என்றார் நசீமா ஆன்ட்டி.

"டூவாவா என்னமோ சொன்னியே."

"அதுக்கு அர்த்தம் தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க சார். ஒரு மாசமா பேஜாரா இருக்கு."

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மாலை வேனில் நசீமா ஆன்ட்டியே இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார். பேரணாம்பட்டுச் சாலையில் எங்கள் பள்ளி வாசலில் கம்பெனி வேன் ஒரு நிமிடம் நிற்கும், டிரைவர் அண்ணனின் தயவில் நான் ஏறிக்கொள்வேன். உள்ளே மல்லிகையும் வியர்வையும் புதுத் தோலின் வாசனையும் சேர்ந்து கனத்திருக்கும். அந்தக் கலவையை இன்றைக்கும் ஏதாவதொரு பளபளப்பான செருப்புக் கடையின் கதவைத் திறக்கும்போது பாதியாக உணர்கிறேன். மல்லிகை இருக்காது. வேன் பைபாஸைக் கடந்ததும் ரெஜினா ஆன்ட்டி ஜன்னல் கம்பியில் மோதிரத்தால் மூன்று தட்டுத் தட்டுவார். டிரைவர் அண்ணன் சினிமாப் பாட்டை நிறுத்துவார். அப்புறம் எங்கள் ஊர் நிறுத்தம் வரைக்கும் அந்தப் பாட்டுதான். நானும் ஒரு முழங்கால் இருக்கையிலும் மற்றது அம்மாவின் மடியிலுமாக மண்டியிட்டு, நசீமா ஆன்ட்டியைப் போலக் கழுத்தைச் சாய்த்து, அவர் மேலே ஏறும் இடங்களிலெல்லாம் ஏறுவேன். பின்னிருக்கையில் யாராவது, "பாப்பா, ஒனக்கு சம்பளம் இல்ல, மெதுவா பாடு" என்பார்கள். அவமானமாக இருக்கும். இருந்தும் நிறுத்த மாட்டேன்.

டூ-வாப்பைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாக் கட்டுரைகளும் ஏங்கின. அந்த எளிமை, அந்தக் களங்கமின்மை, தெருவிளக்கின் கீழே நின்று பாடிய இளைஞர்கள் என்று பக்கம் பக்கமாக உருகின. அவர்கள் தெருவில் நின்றது வீட்டுக்குள் இடம் இல்லாததால். வாயால் தாளம் போட்டது தாளக்கருவி இல்லாததால். ஏங்குகிறவர்கள் அந்த இல்லாமையையும் இனிமையின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டுரை எழுதியவர்களைச் சொல்கிறேனே, என் அம்மாவின் வேன் பயணத்தை மல்லிகை வாசனையோடு எழுதி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து மணி நேரம் குனிந்து தைத்த முதுகுகள் அந்த வேனில் இருந்தன என்பதை எழுத மறந்துவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

அந்த ஆண்டின் கடைசியில் பையர் தரப்பிலிருந்து தொழிலாளர் வசதிகளைச் சோதிக்கும் ஆடிட் வந்தது. ஆடிட் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பதில்களைப் பழக்குவார்கள். தண்ணீர் கிடைக்கிறதா, கிடைக்கிறது. மாஸ்க் தருகிறார்களா, தருகிறார்கள். அன்று காலை மாஸ்க் தந்தார்கள், மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வந்திருந்த வெளிநாட்டு அம்மையார், அம்மாவும் ஆன்ட்டிகளும் முணுமுணுத்ததைக் கேட்டு உருகிவிட்டார். தன் தந்தை காலத்துப் பாட்டு என்றாராம், கண் கலங்கினாராம். உடனே கேமராக்காரரைக் கூப்பிட்டார்கள். மெஷின்களை நிறுத்தவில்லை, உற்பத்தி கெடும் அல்லவா? அந்த இரைச்சலுக்கு நடுவே மூவரையும் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். அன்று வேனில் அம்மா என்னிடம், "எங்க குரல் கப்பல் ஏறப் போவுதுடி" என்றாள்.

அடுத்த மாதம் புது மேனேஜர் வந்தார். பாட்டால் லைன் மெதுவாகிறது என்றார். அம்மா எழுந்து நின்று, "வாய்தான் சார் பாடுது, கை தைக்குது. கைய வந்து பாருங்க, கம்மியா இருந்தா சொல்லுங்க" என்று சொன்னாள். கை கம்மியாக இல்லை. அவர் பார்த்தார், அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை அம்மாவைப் பேஸ்டிங் பகுதிக்கு மாற்றினார்கள். தோல் துண்டுகளுக்கு நாள் முழுவதும் சொல்யூஷன் தடவி ஒட்டும் இடம் அது. சொல்யூஷன் என்பது பசை. அதன் நெடி ஏறிய ஹாலில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன, ஜன்னல்கள் மூடியே இருந்தன. மாஸ்க் ஆடிட் நாளுக்கானது.

அங்கே நான்கு ஆண்டுகள். முதலில் இருமல், பிறகு காலையில் மட்டும் கரகரப்பு, பிறகு எப்போதும். வேலூரில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். சத்தமாகப் பேசாதீர்கள், பசை நெடி இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்றார். முதலாவதற்கு அம்மா எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதற்கு வேலையை விட வேண்டியிருந்தது, விட்டாள். பசைதான் காரணம் என்று யாரும் காகிதத்தில் எழுதித் தரவில்லை. நான் துல்லியத்தை விரும்புகிறவள், எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். இன்று அவள் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுகிறாள்.

அவள் பாடிய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. எங்கள் வீட்டில் அப்போது இருந்தது பட்டன் கைபேசி. ஆகவே அந்த நாற்பத்தொரு வினாடிக்கு அடியில், அமெரிக்க இளைஞனுக்கு அடியில், அவள் இருந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிவிடுவது என்று ஒரு சனிக்கிழமை ஆம்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

வாசல் செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்ததும், "செல்வி பொண்ணு தான நீ? அம்மா இன்னும் பாடுதாம்மா?" என்றார். தலையை மட்டும் அசைத்தேன். ஆம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

விளம்பரப் பிரிவில் என் வயதுடைய ஒருவர் இருந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் வரவழைத்தார். காணொளியின் பழைய ஒலி வேண்டும் என்றேன்.

"அதுல மெஷின் சத்தம்தான் மேடம் ஜாஸ்தி. அதான் நல்ல குவாலிட்டில பாட்டு எடுத்துப் போட்டோம்."

"சத்தத்தோடவே குடுங்க. என் அம்மா குரல் அதுல இருக்கு."

"எடிட் முடிஞ்சதும் ரா ஃபைல அழிச்சிட்டாங்க மேடம். எடம் அடைக்குதுல்ல?" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆறுதலாக ஒன்றையும் சொன்னார். "ஆனா உங்க அம்மா மூஞ்சி எவ்ளோ கிளியரா வந்திருக்கு பாருங்க."

நாகரிகமான மனிதர். அவரிடம் கத்த முடியவில்லை என்பதற்காகவே அவர்மேல் கோபம் வந்தது. மெஷினை நிறுத்தாதது நீங்கள், பிறகு மெஷின் சத்தம் என்று குரலை அழித்ததும் நீங்கள், அந்தக் குரல் தேய்ந்தது உங்கள் ஹாலில், இன்று இனிய நினைவு என்று இதயம் வாங்குவதும் நீங்கள். இவ்வளவையும் பேருந்தில் ஜன்னல் கம்பியிடம் சொன்னேன். அங்கே நான் சொன்னது, "சரிங்க, தேங்க்ஸ்."

அம்மா ஏற்கெனவே காணொளியைத் தன் கைபேசியில் வைத்திருந்தாள்! நசீமா ஆன்ட்டிதான் அனுப்பியிருந்தார்.

"எவன் பாடுனா இன்னாடி, மூஞ்சி என்னுது தான?" அந்தக் கிசுகிசுப்பில் குறும்புகூட இருந்தது. "அங்கல்லாம் எதுக்குப் போன? படிக்கிற வேலையப் பாரு."

"ஒனக்குக் கோவமே வரலையாம்மா?"

"ஒருவாட்டி கோவப்பட்டேன். பேஸ்டிங்ல போட்டாங்க."

நான் அத்தோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போய் நசீமா ஆன்ட்டியை அவர் வீட்டு மாடியில் உட்கார வைத்துப் பாட வைத்தேன். கைபேசியில் பதிந்தேன். மகனோடு ஓசூரில் இருக்கும் ரெஜினா ஆன்ட்டி தன் பங்கைப் பாடி அனுப்பினார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இணைக்கும் செயலி ஒன்று இருக்கிறது, இணைத்தேன். இரண்டு குரலும் நல்ல குரல்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. நடுவே நசீமா ஆன்ட்டி சுருதியைவிட்டு மெல்ல விலகிப்போகிறார். "கீழ செல்வி இல்லாம எங்கடி கால வெக்கிறது?" என்று பாதியில் அவரே நிறுத்திச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

மூன்றாம் குரலை நானே பாடிச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நசீமா ஆன்ட்டியின் ஒவ்வொரு ஏற்றமும் எனக்குத் தெரிகிறது, ரெஜினா ஆன்ட்டியின் இழைப்பு தெரிகிறது. மாதக்கணக்கில் தினமும் அதே வேனில், அம்மாவின் மடியில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, நான் அம்மாவைக் கேட்கவே இல்லை. இவ்வளவு நாளும் கம்பெனிமேல் குறிவைத்த கோபம் அந்த இடத்தில் திரும்பி என்னைப் பார்த்தது.

அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். "ஒன் மெட்டு எப்டிம்மா போவும்? பாட வேணாம், கையால காட்டு போதும். ஏறுதா, எறங்குதா?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி யோசித்தாள். கையைக் கொஞ்சம் உயர்த்தினாள், தாழ்த்தினாள், பிறகு மடியில் வைத்துவிட்டாள்.

"எனக்குன்னு மெட்டே கெடையாதுடி. அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு எங்க எறங்குறாங்களோ, அங்க முன்னாடியே போயி நின்னுப்பேன். ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது."