ஆடியில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலுக்கு விடுமுறை. முகூர்த்தம் இல்லை, கல்யாணம் இல்லை, ஆகவே ஆல்பமும் இல்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். படம் எடுத்துவந்தது என் கணவர். மாப்பிள்ளையின் பருவை அழித்து, பெண்ணின் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அதையெல்லாம் ஆல்பமாக்குவது நான். அதற்கென்றே ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். ஆடி முழுக்க அது துணி போர்த்திக்கொண்டு கிடக்கும்.

போன ஆடிக்கு முன்பே இவர் கேமராவைத் தொடுவதை விட்டுவிட்டார். வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. திருச்சி டாக்டர் நடுக்குவாதம் என்றார். "மாத்திரை மட்டும் போதாதுங்க. தினமும் நடங்க, நாலு பேரோட பேசுங்க, வீட்லயே முடங்கிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இவர் மாத்திரையை மட்டும் விழுங்கினார். கேட்டவர்களிடமெல்லாம் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரே பொய். யாராவது வந்தால் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் ஓடிவிடும். ஊரெல்லாம் சுற்றிய மனுஷன் தெருமுனை வரைக்கும்கூடப் போகாமல் சுருண்டு கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ம்ஹூம், அசையவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் ஒருநாள் ஃபோனில் சொன்னாள். "நம்ம சிஸ்டம் சும்மாதானேம்மா கிடக்கு? மருத்துவ ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம்."

எனக்குப் பகீரென்றது. "கழட்டியா குடுக்கணும்?"

விழுந்து விழுந்து சிரித்தாள். கம்ப்யூட்டர் வீட்டிலேயேதான் இருக்குமாம். ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க வீடுகளுக்கு அனுப்புவார்களாம். நம்முடையது ஒரு துண்டைப் போட்டு முடித்து இன்டர்நெட்டில் திருப்பி அனுப்பும். உடம்பிலுள்ள புரதங்கள் எப்படி மடங்குகின்றன, எங்கே தப்பாக மடங்கி நோயாகின்றன என்பதுதான் கணக்கு. அப்பாவுக்கு இருக்கும் நோயும் அதில் உண்டு என்றாள். கரண்ட் பில் வந்தால் வரட்டும் என்று அந்த நிமிஷமே சரி சொல்லிவிட்டேன்.

அவள் ஃபோனிலேயே சொல்லச் சொல்ல அதற்கான ப்ரோகிராமை ஏற்றினேன். திரையில் அந்தப் புரதத்தின் படம் ஓடியது. கலர் கலராக உருண்டைகள் கோத்த கயிறு மாதிரி ஒன்று நிற்காமல் உதறிக்கொண்டே இருந்தது. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தார். "இந்தா பாருடி, இதுவும் நம்ம கேஸுதான் போல" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது!

ஆனால் இவர் வாய் சும்மா இருக்குமா? ஃபோன் பண்ணிய வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எங்க மெஷின் இப்ப கை நடுக்கத்துக்கு மருந்து கண்டுபுடிக்குதுங்க" என்று அளந்துவிட்டார். தனக்கே அந்த நடுக்கம் இருப்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் முற்பகலில் தா.பழூரிலிருந்து ஓர் அக்கா வந்து நின்றார். ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் மகளின் கல்யாண ஆல்பம் நாங்கள் செய்ததுதான். பையிலிருந்து கணவரின் ஃபோட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எங்க வூட்டுக்காரருக்கும் கை நடுங்குதும்மா. இவரையும் அதுல சேத்துருங்க."

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. இறந்துபோன அப்பா, துபாயிலிருந்து லீவு கிடைக்காத தம்பி என்று கல்யாணத்துக்கு வர முடியாதவர்களின் ஃபோட்டோவைக் கொண்டுவந்து, "இவரையும் சேத்துருங்க" என்பார்கள். நானும் பட்டுச்சட்டை போட்டு மணமக்கள் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். இந்த அக்காவின் மாமனாரையே அப்படி நிறுத்தியிருக்கிறேன். அதே நம்பிக்கையில் இப்போது புருஷனை ஆராய்ச்சியில் சேர்க்க வந்திருக்கிறார்.

நாற்காலியில் இருந்த என் கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு, "அதுல ஃபோட்டோ சேக்க முடியாதுக்கா. மருந்து வரவே இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "வெளிய தலையே காட்ட மாட்டேங்குறாரும்மா. நாலு பேரு பாத்துருவாங்கன்னு வெக்கம். சோத்தக்கூட கதவச் சாத்திக்கிட்டுதான் திங்குறாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு இவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இவர் எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து என்னிடமிருந்து ஃபோட்டோவை வாங்கினார். அது அவர் விரல்களில் படபடவென்று ஆடியது. அக்கா அந்தக் கையையே பார்த்தார்.

"எனக்கும் அதேதான்க்கா. கழுத்துத் தேய்மானமெல்லாம் சும்மா சொன்னது" என்றார். "அந்தக் கணக்கு ஒரு ஆளுக்குன்னு போடுறதில்ல. இந்த நோய் உள்ள அத்தன பேருக்குந்தான். நானும் அதுல இருக்கேன், அவரும் ஏற்கெனவே இருக்காரு." ஃபோட்டோவை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். "இது வேணாம். ஆளக் கூட்டிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்புடுறோம். சிந்துனா சிந்தட்டும்."

அக்கா கண்ணீரோடு சிரித்தார். காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது, "இருங்கக்கா, பஸ் ஏத்திவிடுறேன்" என்று இவர் அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். அதுவும் வலது கையில்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பை ஆட ஆட இவர் தெருவில் நடந்தார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், கை இப்படி ஆடுது?" என்று கேட்டுவிட்டார். இவர் பையைக் கீழே வைத்துவிட்டு, நடுக்குவாதம், புரதம், மடிப்பு, உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்கள் என்று ஆரம்பித்தார். அந்த அக்கா அன்றைக்கு இரண்டு பஸ்ஸையாவது விட்டிருப்பார்.