காபி மெஷின் பக்கத்துக் குழாய்

குடிநீர் வாரியத்தில் அவரை எல்லோரும் 'பாட்டில் சார்' என்பார்கள். தப்பாக நினைக்க வேண்டாம், மனிதருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. காலி பாட்டில்களோடு ஊரெல்லாம் சுற்றி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து அதன் கடினத்தன்மையைப் பார்ப்பது அவர் வேலை. சோப்பு நுரைக்காத வீடு, கெட்டிலின் அடியில் வெள்ளையாகக் காரை கட்டும் வீடு, குளித்தால் முடி சிக்காகும் வீடு என்று எங்கிருந்து புகார் வந்தாலும் அவர்தான் போவார். வேலையில் கறார். பிடிக்கப் போகும் தண்ணீரிலேயே பாட்டிலை அலசாமல் பிடிக்க மாட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமைகூட அட்டையைக் கழற்ற மாட்டார் என்று அவர் மனைவியே கிண்டல் செய்வாள்.

ஊருக்குத் தண்ணீர் ஏரியிலிருந்து வருகிறது. ஏரி நிறைந்திருக்கும்வரை தொல்லை இல்லை. கோடையில் ஏரி உள்வாங்கிவிட்டால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து விடுவார்கள். உடனே கரையோரத் தெருக்களில் புலம்பல் தொடங்கிவிடும். அப்படி ஒரு கோடையில்தான் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றிலிருந்து புகார் வந்தது. படுக்கை விரிப்புகள் துவைக்கத் துவைக்கப் பழுப்பாகின்றன, துண்டுகள் அட்டை மாதிரி விறைக்கின்றன, தங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கோளாறு தண்ணீரிலா, துவைக்கிறவள் கையிலா என்று மேனேஜருக்குத் தெரிந்தாக வேண்டும்.

துவைக்கிறவள் பாட்டில் சாரின் கூடப் பிறந்த அக்கா.

இதை அவர் அலுவலகத்தில் சொன்னதே இல்லை. ஓட்டலிலும் சொல்லவில்லை. "வாங்க சார், கீழ லாண்டரிக்குப் போயிடலாமா?" என்று மேனேஜர் கை கொடுத்தபோது சார் படிக்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. கீழ்த்தளத்தில் அக்கா ரப்பர் பூட்ஸும் நனைந்த ஏப்ரனுமாக நிற்பாள். தம்பியைக் கண்டால் ஓடி வந்து ஈரக் கையால் கன்னத்தைப் பிடிப்பாள். மேனேஜர் பார்ப்பார்.

"எதுக்கு சார் அவ்வளவு தூரம்? எல்லாம் ஒரே லைன்தான, இங்கயே பிடிச்சிக்கறேன்."

புகார் வந்த குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அதை அன்றைக்கு அவர் மேனேஜர் கொடுத்த காபியோடு சேர்த்துக் குடித்துவிட்டார். காபி மெஷின் பக்கத்துக் குழாயில் குனிந்தபோது சிங்க்குக்குக் கீழே பக்கவாட்டில் குழாய் ஓடிய ஏதோ டிரம் முட்டியில் இடித்தது. குப்பைத்தொட்டி என்று நினைத்து நகர்ந்துகொண்டார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஓட்டலுக்கு முடிவும் போய்ச் சேர்ந்தது.

சில வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரும்போதே கண் கலங்கியிருந்தது.

"இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாங்கடா. தண்ணியில ஒண்ணும் இல்லயாம், நான்தான் சரியா அலசலயாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? நீ பாத்துச் சொன்னது தப்பா இருக்குமா? பவுடரக் கொறச்சேன், திரும்பத் திரும்ப அலசினேன். என் கையிலதான் ஏதோ கோளாறு போல. நீ என் தம்பின்னு மூச்சு விடலடா. சொந்தக்காரன் பாத்துச் சொன்னதுன்னு ஒனக்குப் பேச்சு வந்துடக் கூடாதில்ல."

அப்போதுதான் சாருக்கு அந்த டிரம் ஞாபகம் வந்தது. குப்பைத்தொட்டிக்கு எதற்குக் குழாய் இணைப்பு? காபி மெஷினில் காரை கட்டாமல் இருக்கத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் அது. அதில் மென்மையாகி வந்த தண்ணீருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எதிரே அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் மேனேஜரை அழைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கினார். அக்கா ஓடி வரவில்லை, கன்னத்தையும் பிடிக்கவில்லை. யாரோ போலச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். லாண்டரிக்கு வரும் குழாயைத் திறந்து விட்டு, பரிசோதனைக் குப்பியில் பிடித்து, மருந்து கலந்தார். தண்ணீர் சிவந்தது. அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலமாக வேண்டும். நல்ல தண்ணீர் சீக்கிரம் நீலமாகிவிடும். இது விடாப்பிடியாகச் சிவப்பாகவே இருந்தது.

"தண்ணியிலதான் சார் கோளாறு. இந்தத் தண்ணியில யார் தொவச்சாலும் இப்படித்தான் ஆகும்."

"அன்னிக்கே கீழ வந்து பாத்திருக்கலாமே சார்?" மேனேஜர் குரலில் காரம் ஏறியது.

அக்கா முந்திக்கொண்டாள். "அன்னிக்கு நான்தான் சார் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். சாவி என்கிட்ட இருந்துச்சு."

போகவிருந்த வேலை இப்போதுதான் பிழைத்திருக்கிறது, அதற்குள் தம்பிக்காக இன்னொரு பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். சார் தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இனியும் அவள் முதுகில் ஏறி நிற்க அவரால் முடியவில்லை.

"இல்ல சார், பூட்டல. இவங்க என் கூடப் பொறந்த அக்கா. உங்க முன்னாடி அதக் காட்டிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் கீழ வரல."

மேனேஜர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருமினார். கீழேயும் ஒரு சாஃப்ட்னர் வைக்கச் சொல்வதாகவும், அந்த அம்மா வேலையை விட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அன்று கீழே வராமல் போன தம்பிக்கு ஏதோ அவசரம் என்றுதான் அக்கா இதுவரை நினைத்திருந்தாள். வேலை தப்பிய சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. மெஷினைத் திறந்து ஈர விரிப்பை வெளியே இழுத்தாள். அவரும் ஒரு முனையைப் பிடிக்கப் போனார்.

"அக்கா..."

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "சட்டையில தண்ணி பட்டுடும்."