மூன்று பூட்டுப் போட்ட தண்ணீர்

அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. விரித்து வைத்திருந்த புத்தகப் பக்கத்தின் கீழ்ப்பாதி தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் படித்தேன். ராஜா மட்டும்தான் கொடுமை செய்வான் என்றில்லை, பெரும்பான்மையும் கூட்டமாகச் சேர்ந்தால் செய்யும். ஆகவே எந்த அதிகாரத்தையும் தனியே விடக்கூடாது. ஒன்றை இன்னொன்று பிடித்து நிறுத்தும்படி வைக்க வேண்டும்.

இப்படி யோசித்தவர் அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி. அந்த நாட்டின் அரசியல் யாப்பை வரைந்தவர்களில் முதன்மையானவர். குள்ளமானவர், மெல்லிய குரல், அடிக்கடி நோயில் விழுபவர். பல்கலைக்கழகத்தில் அவரைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் உயிரோடு எழுந்து வந்தார். பிளாட்பாரத்தில் பனிக்குள் ஒரு கறுப்புக் கோட்டு மெதுவாக நடந்து போனது. ஸ்டேஷன் மாஸ்டராகத்தான் இருக்கும். நான் அவரென்றே வைத்துக்கொண்டேன்.

பதுளையில் ஒரு குடிநீர்த் திட்டத்தில் கள உத்தியோகத்தராக அன்று சேர வேண்டும். தோட்டங்களில் தண்ணீர்ச் சங்கம் அமைப்பது, அந்தச் சங்கத்துக்குச் சட்டதிட்டமாக ஒரு யாப்பு எழுதிக் கொடுப்பது, இதுதான் வேலை. ஒரு நாட்டுக்குச் செய்ததை நான் ஒரு குழாய்க்குச் செய்யப்போகிறேன். பதுளை வரும்வரை எனக்குப் பசிக்கவே இல்லை.

பதினொரு பக்கம்

எனக்குக் கிடைத்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிவிஷன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். மேல் லயத்தில் பன்னிரண்டு வீடு. கீழே மூன்று லயம், ஐம்பது வீட்டுக்கு மேல். ஊற்று மேலே, தண்ணீர்த் தாங்கியும் மேலே. ஒரே ஒரு வால்வு. இந்தப் பக்கம் திருப்பினால் மேல் லயத்துக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் கீழ் லயங்களுக்கு. கோடையில் கீழ் லயத்துக்காரர்கள் கையைத் தூக்கி வாக்கெடுத்து, மேல் லயத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காமல் விட்ட காலம் உண்டு. பெரும்பான்மையின் கொடுமை. புத்தகத்தில் இருந்தது அப்படியே என் கண்முன்னால் குடம் வைத்துக்கொண்டு நின்றது.

"ரெண்டு பக்கம் போதும் மிஸ். அவங்க படிக்கணும்ல," என்றார் எங்கள் முகாமையாளர் ரஹீம் சேர். நான் பதினொரு பக்கம் எழுதினேன். மேல் லயத்துக்கும் கீழ் லயங்களுக்கும் குழுவில் சம இடம். வால்வுக்கு மேல் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி மேல் லயத்துப் பிரதிநிதியிடம், ஒன்று கீழ் லயத்துப் பிரதிநிதியிடம், ஒன்று தலைவரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். பத்தொன்பதாம் பிரிவு: பெட்டியை உடைப்பவரின் வாசல் குழாய் இணைப்பு துண்டிக்கப்படும்.

கூட்டம் பகல் இரண்டரைக்கு. நாலரைக்குப் பதுளை பஸ் போய்விடும், அதனால். ஆம்பிளையாட்கள் வேலை முடிந்து வந்திருந்தார்கள். சிரிக்க வைக்கலாமென்று, இந்த யோசனைக்குச் சொந்தக்காரரான அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதிக்கும் பெரிய தோட்டம் இருந்தது, புகையிலைத் தோட்டம் என்றேன்.

"அப்ப அவரும் தொரைதான்," என்றார் தலைவர் மாரிமுத்து அண்ணன். அன்றிலிருந்து அந்த ஜனாதிபதியின் பெயர் நாலாவது தொரை. யாப்பு ஏகமனதாக நிறைவேறியது. பஸ்ஸில் திரும்பும்போது மலை முழுக்க மஞ்சள் வெயில். தேயிலைக்கு நடுவே பெண்கள் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான காட்சி என்று நினைத்தேன். அதைத் தவிர ஒன்றும் நினைக்கவில்லை.

பூட்டு உடையவில்லை

கோடை இறுகிய மாதத்தில் கீழ் லயத்துப் பிரதிநிதி கணேசன் லுணுகலைக்குக் கல்யாணத்துக்குப் போனார். சாவி தொலையக்கூடாது என்று அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார், அப்படியே போய்விட்டார். வால்வு கீழ்ப்பக்கம் திருப்பியபடி இருந்தது. மேல் லயத்துக்கு இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மேல் லயத்தில் தெய்வானை அக்காவின் மகள் பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். மூன்றாம் நாள் காலை வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டு முடிந்ததும் அக்காவும் ஐந்து பெண்களும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் தாங்கிக்குப் போனார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் நுனியால் பெட்டிக் கதவின் கீல் திருகாணிகளைக் கழற்றினார்கள். வால்வைத் திருப்பினார்கள்.

மாரிமுத்து அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். "பத்தொன்பதாம் பிரிவு மிஸ். தெய்வான வீட்டு பைப் லைன வெட்டணும். சட்டம் நீங்க எழுதுனது."

நான் போய்ப் பார்த்தேன். மூன்று பூட்டும் அப்படியே பூட்டியபடி இருந்தன. கீல் கழன்ற கதவு அவற்றைப் பிடித்துத் தொங்கியது. பனி அதன்மேல் மெல்லப் படிந்துகொண்டிருந்தது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டின் தண்ணீரை என் எழுத்து வெட்டப்போகிறது. பக்கத்தில் கறுப்புக் கோட்டு நிற்பது போலிருந்தது.

கூட்டம் மறுநாள் என்று சொன்னேன். "ரெண்டரைக்கா மிஸ்?" என்று கேட்டார் அண்ணன். "கடைசி நிறுவைக்கு அப்புறம், மடுவத்திலேயே," என்றேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். பெண்கள் எல்லோரும் வந்தே தீரும் ஒரே இடம்.

மடுவத்தில்

பெண்கள் கூடையை இறக்காமலேயே நின்றார்கள். பச்சைக் கொழுந்தின் வாசம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. மாரிமுத்து அண்ணன் பத்தொன்பதாம் பிரிவை உரக்க வாசித்தார்.

"நாங்க ஒடைக்கலியே," என்றார் தெய்வானை அக்கா. "மூணு பூட்டும் பத்தரமா இருக்கு. வேணும்னா எண்ணிக்கங்க."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு மிஸ், நாலாவது தொரை கதைய. ஒண்ணு கேக்கணும். அவரு தோட்டத்துல தண்ணி யாரு தூக்குனா?"

எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் அவர் தோட்டத்தின் படமும் இருந்தது. பெரிய வீடு, தள்ளி வரிசையாகச் சின்னக் குடிசைகள். நான் வேகமாகப் புரட்டிய பக்கம்.

"அடிமைகள், அக்கா. அவரே வச்சிருந்தாரு. சாகும்வரைக்கும்."

"அவங்ககிட்ட கேட்டா சட்டம் எழுதுனாரு?"

"இல்லக்கா."

"அப்ப நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அவரப் பாத்து அப்பிடியே."

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மூன்று சாவி, ஆறு குழு உறுப்பினர், எல்லோரும் ஆண்கள். நானும் ஒரு பெண்தான்; பஸ் நேரத்தைப் பார்த்தேன், அவர்கள் வேலை நேரத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். மாரிமுத்து அண்ணனின் மனைவி, கீழ் லயம். "மேல் லயத்துப் பொம்பளைங்க ஒரு மணி நேரத்துல வால்வத் திருப்பி எங்களுக்கே வுட்டுட்டாங்க. இந்த ஆம்பிளைங்களுக்கு அது தெரியாது. கொடத்தத் தொட்டாத்தானே."

அண்ணன் தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். "சட்டத்த எழுதிட்டு மாத்தலாமா மிஸ்?"

"அவரே மாத்துனாரு அண்ணே. மக்களோட உரிமைய தனியா எழுதத் தேவையில்லன்னு மொதல்ல வாதாடுனவரு. அப்புறம் மத்தவங்க சொன்னதக் கேட்டு, திருத்தத்த அவரே உக்காந்து எழுதுனாரு."

"தொரையே எறங்கி வந்துட்டாரா," என்றார் அண்ணன் தனக்குள். பேனாவைக் கேட்டு வாங்கி, பத்தொன்பதாம் பிரிவின்மேல் கோடு போட்டார். என்ன குற்றமானாலும் யாருடைய தண்ணீரையும் வெட்டக்கூடாது என்று தெய்வானை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இனிக் கூட்டம் கடைசி நிறுவைக்குப் பிறகுதான். மூன்று பூட்டு வேண்டாம், இரண்டு போதும். மேல் லயத்துக்கு ஒரு சாவி, கீழ் லயங்களுக்கு ஒரு சாவி, தண்ணீர் தூக்குகிறவர் கையில். ஒருவர் ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொழுந்துக் கறை படிந்த கைகள் உயர்ந்தன. அண்ணனுடைய கை கடைசியாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

பஸ் எப்போதோ போயிருந்தது. கொழுந்து லொறியின் முன்சீட்டில் திரும்பினேன். வளைவுக்கு வளைவு பனி. கறுப்புக் கோட்டுக்காரர் இன்னும் கூட வந்தார். இப்போது அவருக்குப் பின்னால், முகம் தெரியாத பலர் குடத்தோடு நடந்தார்கள். அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதிகாரத்தைத் தனியே விடாதே என்று சொன்னது சரிதான். யாரிடம் கேட்டுச் சொன்னார் என்பதையும் சேர்த்தே இனி அவரைப் படிக்க வேண்டும்.

வருகிற திங்கள் அடுத்த டிவிஷன். பையில் வெள்ளைத்தாள் இரண்டே இரண்டு வைத்திருக்கிறேன், அவசரத்துக்குக் கீல் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவரும். மடுவத்தில் போய், இங்கே தண்ணீர் யார் தூக்குகிறார்கள் என்று கேட்பேன். யார் முதலில் பதில் சொல்கிறாரோ, அவரிடமே பேனாவைக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.