அரிசிக்காளானைத் தோண்டியவன் நான்

இரண்டு லோரி வாங்கினேன், புக்கிட் செந்தோசாவில் மாடி வீடு கட்டினேன்; படித்ததோ ஆறாம் வகுப்பு. நேற்று மருமகள் காளான் வதக்கிய வாசனை என்னை எண்பதுகளின் ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அம்மா குடைபோல விரிந்த புற்றுக்காளானைத்தான் சமைப்பார். ஒருநாள் நான் கூடை நிறையக் கொண்டுபோனதோ பொத்தான் அளவு அரிசிக்காளான்.

“விஷம்டா, கொட்டு!” என்றார் அம்மா.

இரண்டையும் மண்ணோடு தோண்டிக் காட்டினேன். இரண்டுக்கும் அடியில் கறையான் கூடு. “பெருசு தனியா நிக்கும், பொடிசு கூட்டமா நிக்கும். ரெண்டும் அண்ணன் தம்பிம்மா.”

பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய அப்பா சிரித்தார். “சரியாத்தான் சொல்றான்லா. சின்ன வயசுல நான் தின்னதுதான், ஆக்கு.”

குழம்பு மணத்துக்கு லயமே கூடியது. சாப்பிடப் பயந்தவர்களிடம் அம்மா, “பெரியவன் புத்தகத்துல படிச்சுச் சொன்னான், சாப்பிடுங்க” என்றார். சட்டி காலியானது. பெயர் படிப்பாளி அண்ணனுக்குப் போனது.

அண்ணன் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார். அன்று அவர் கையில் மண்கூடப் படவில்லை. இனி யார் அந்தக் கதையைச் சொன்னாலும் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.