மூங்கிலுக்கு அந்தாண்ட

அடுத்தவன் நெத்திக்கு நேரா துப்பாக்கிய நீட்டி, "சரி, போலாம்"னு சொல்லி அனுப்பற வேலை உலகத்துலயே ஒண்ணுதான், அத அஞ்சு மாசம் நான் பாத்தேன்.

ஜுரம் பாக்கற துப்பாக்கியத்தான் சொல்றேன். உங்க நெத்திக்கும் என்ன மாதிரி ஒருத்தன் நீட்டியிருப்பான். நீங்களும் அவன மனசுக்குள்ள திட்டியிருப்பீங்க. தப்பில்ல, நானா இருந்தா வாய்விட்டே திட்டியிருப்பேன்.

அதுக்கு முன்னாடி நான் கொசு மருந்து அடிக்கற காண்ட்ராக்ட் ஆளு. கொரோனா வந்ததும் நாகலாபுரத்துல இருந்து ஊத்துக்கோட்டை போற ரோட்டுல, ஆந்திரா முடியற எடத்துல ஒரு பந்தலப் போட்டு, என்னையும் ரமணய்யான்னு ஒரு கான்ஸ்டபிளையும் நிக்க வெச்சாங்க. அப்போ நாங்க சித்தூர் ஜில்லா, இப்போ திருப்பதி ஜில்லா. ஜில்லா மாறினாலும் ரோடு அதே ரோடுதான். இந்தாண்ட ரோட்டுக்கு குறுக்க கட்டின எங்க மூங்கில். இருபது எட்டு வெச்சா அந்தாண்ட தமிழ்நாட்டு மூங்கில். நடுவுல கெடக்கற ரோட்டுக்கு யாரும் பொறுப்பில்ல.

அந்தாண்ட மூங்கில்ல இருந்து நாலு கிலோமீட்டர் போனா என் மாமியார் வூடு. பிரசவத்துக்குப் போன என் பொண்டாட்டி சுகுணா அங்கதான் இருந்தா. ரோட்ட மூடின ஒரு வாரத்துல எங்களுக்குப் பொண்ணு பொறந்துச்சு. போன்ல போட்டோ வந்துச்சு, அவ்ளோதான். அந்தாண்ட போய்ட்டு வந்தா பதினாலு நாள் ஸ்கூல்ல அடைச்சி வெப்பாங்க, என் வேலைக்கு வேற ஆள் வந்துடுவான். அதுகூட போவட்டும். தெனமும் நூறு பேர் மூச்சு காத்துல நிக்கறவன், அதே மூச்சோட பச்சப்புள்ளைகிட்ட எப்படிப் போறது? அந்த பயம்தான் என்ன அங்க கட்டிப் போட்டுச்சு. பைக்குல பத்து நிமிஷம். தெனமும் அந்த ரோட்டப் பாத்துக்கினே நின்னேன்.

எருமைக்கு மட்டும் பாஸ்

முனுசாமி அண்ணனுக்கு வூடு இந்தாண்ட, நெலம் அந்தாண்ட. மூணு தலைமுறையா அப்படித்தான். கடலைக்கு தண்ணி கட்டணும்னு தெனம் காலையில வந்து நிப்பாரு. "பாஸ் இல்லாம விடக்கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லியிருக்குதுண்ணா"ன்னு நான் சொல்லுவேன். "எந்த கவர்மெண்டு?"ன்னு கேப்பாரு. வூட்டுக்கு வரி இங்க கட்றாரு, நெலத்துக்கு அங்க கட்றாரு, அவரு கேக்கறதும் நியாயம்தான். பின்னாடி நிக்கறவங்க உடனே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. பாதி பேரு அவர விடச் சொல்லுவாங்க. மீதி பேரு, இப்படி விட்டுத்தான் நோயி பரவுதும்பாங்க.

அதுக்குள்ள அவரு எருமைங்க ரெண்டும் மூங்கிலுக்கு அடியில தலைய நொழைச்சி அந்தாண்ட மேயப் பூடும். சாயங்காலம் அதுங்களே திரும்பி வரும். ஒரு நாள் நான் அவரு நெத்திக்கு நேரா துப்பாக்கிய நீட்டினப்போ, அவரு அதப் புடிச்சி எருமைப் பக்கம் திருப்பிட்டு சொன்னாரு: "அதுக்கு ஜுரமும் பாக்கல, பாஸும் கேக்கல. ரெண்டு கவர்மெண்டும் ஒத்துக்கினு நம்பறது என் எருமைய மட்டும்தான்."

சம்பந்திங்க

சாயங்காலம் ஆனா என் மாமனார் அந்தாண்ட மூங்கிலுக்கு வருவாரு, எங்க நைனா இந்தாண்ட மூங்கிலுக்கு வருவாரு. கொழந்த சேதி சொல்லத்தான் வர்றதா பேச்சு. ஆனா வாயத் தொறந்தா கவர்மெண்டுதான் வரும். "எங்க பக்கம் டெஸ்ட் ஜாஸ்தி எடுக்கறாங்க சம்பந்தி, அதான் கேஸ் ஜாஸ்தி தெரியுது"ன்னு மாமனார் அங்கிருந்து கத்துவாரு. "கேஸ் ஜாஸ்தின்னா நோய் ஜாஸ்தின்னு அர்த்தம் சம்பந்தி. எங்க பக்கம் வூட்டுக்கு வூடு வந்து ஜுரம் கேக்கறாங்க"ன்னு நைனா இங்கிருந்து கத்துவாரு. "வூட்டுக்கு வூடு வர்றாங்க, அப்பறம் ஏன் ஒயின் ஷாப்ப தொறந்து எல்லாரையும் ஒரே எடத்துல சேக்கறாங்க?"ன்னு அவரு கேப்பாரு. "உங்க மார்க்கெட்டுல சேராத கூட்டமா?"ன்னு இவரு கேப்பாரு. ரெண்டு பேருக்கும் தொண்டை வலுவு. இருபது எட்டு தூரம் அதுங்களுக்கு ஒண்ணுமே இல்ல.

நடுவுல நான் ஒருத்தன் துப்பாக்கியும் கையுமா நின்னுக்கினு இருப்பேன். ஆரம்பத்துல ஒரு நாள், கொழந்தைக்கு மஞ்ச காமாலைன்னு ஆஸ்பத்திரியில லைட்டுல வெச்சிருந்தாங்க. கொறஞ்சிதா இல்லையான்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும் எனக்கு. சுகுணா போனு காலையில இருந்து எடுக்கல. வண்டிய வேற பாக்கணும். ரெண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தினப்போ, "மாமா, புள்ள எப்படி இருக்குது"ன்னு கத்தினேன். மாமனாரு கிளம்பிக்கினே சொன்னாரு: "வூட்டுக்கு வந்துட்டாங்க மாப்ள, புள்ள நல்லா இருக்குது. உங்க கவர்மெண்டுதான் நல்லா இல்ல."

காதுல சொன்ன பேரு

எங்க வழக்கத்துல முப்பதாம் நாள் தகப்பன் கொழந்தைய மடியில வெச்சிக்கினு, வலது காதுல மூணு தடவ பேரச் சொல்லணும். அதுக்கு அப்பறம்தான் மத்தவங்க அந்தப் பேரச் சொல்லி கூப்புடலாம். மடியில வெச்சிக்க வழியில்ல. போன ஸ்பீக்கர்ல போட்டு கொழந்த காதுகிட்ட வெக்கறோம், நல்ல நேரத்துல நீங்க சொல்லுங்கன்னு ஏற்பாடு. நான் பந்தலுக்குப் பின்னால போயி முகத்தக் கழுவிக்கினு, கெழக்கப் பாத்து நின்னு, போன வாய்கிட்ட வெச்சேன்.

சரியா அந்த நேரத்துல பலமனேர்ல இருந்து ஒரு தக்காளி வண்டி வந்துச்சு. டிரைவர் பாஸ் தேதி முடிஞ்சிருந்துச்சு. தக்காளி அழுவிப்பூடும்னு அவன் கத்தறான், நான் இன்னா பண்ணட்டும்னு ரமணய்யா கத்தறாரு. "வெளைய வெக்கச் சொல்றது ஒரு கவர்மெண்டு, துன்ன விடாதது இன்னொரு கவர்மெண்டு, நடுவுல நாங்க இன்னா துன்றது"ன்னு டிரைவர் கேக்க, கியூவுல நின்னவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் சேந்துக்கினாங்க. ரமணய்யா என்னத் தேடிக்கினு பின்னால வந்து, என் போனுக்குப் பக்கத்துலயே நின்னு, தொரத்திக்கினு வந்த டிரைவர்கிட்ட மூணு தடவ ஒரு வாக்கியத்தச் சொன்னாரு. நான் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிடுச்சு. போன்ல அந்தாண்ட எல்லாரும் சிரிக்கறாங்க. சுகுணா மட்டும் சிரிக்காம சொன்னா: "உங்க பொண்ணு காதுல மூணு தடவ விழுந்தது, 'பாஸ் இல்லாம போவ முடியாது'ங்க."

மலையில இருந்து வந்தவரு

திருமலை மேல மொட்டை அடிக்கற வேலை பாக்கறவரு ஒருத்தரு, ஊத்துக்கோட்டை பக்கம் சொந்த ஊரு, பாஸுக்காக பந்தல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு. கோயில மூடினது சரியா தப்பான்னு அவர வெச்சே கூட்டத்துல வாதம். உசுரு இருந்தாத்தான சாமி கும்புட முடியும்னு ஒருத்தரு. சாராயத்துக்கு கதவு தொறக்குது, சாமிக்கு தொறக்கலையான்னு இன்னொருத்தரு. இவரு ரெண்டு பக்கமும் சேரல. தலை ஒண்ணு கையில படாம ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சாம். வெரலு தானா அசையுது, தூக்கத்துல கூட கத்தி புடிக்கற மாதிரி வருதுன்னாரு. எனக்கு அவரோட பேச நல்லா இருந்துச்சு. கைக்கு ஒண்ணு வேணும், அது கெடைக்கல, ரெண்டு பேருக்கும் அதே கதிதான்.

பாஸ் வந்துச்சு. எழுந்து போறப்போ, காது மறைய வளந்து கெடந்த என் முடிய ஒரு தடவ தடவிப் பாத்துட்டு சொன்னாரு: "சாமியே கவர்மெண்டு பேச்சக் கேட்டு கதவ மூடிக்கினாரு. கேக்காதது இது ஒண்ணுதான்."

ஏழுமலை

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன்.

ஏழுமலை எங்க மண்டலத்து ஆளு, கூலி வேலை. அவன் அம்மா அந்தாண்ட மவ வூட்டுல செத்துட்டாங்க. காலையில ஓடி வந்தான். ஜுரம் இல்ல, பாஸும் இல்ல. சாவுக்கு பாஸ் உண்டு, ஆனா போன்ல அப்ளை பண்ணி அது வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிடும். அவன விடாதன்னு மேல இருந்து யாரும் என்கிட்ட சொல்லல. முந்தின நாள்தான் ஒருத்தர விட்டதுக்கு எனக்கு மெமோ வந்திருந்துச்சு, அந்த பயத்துல நானே விடல. பந்தலுக்குப் பக்கத்துல புளியமரத்தடியில உக்காந்து போன்லயே சாவப் பாத்தான். நான் முகத்தத் திருப்பிக்கினு வண்டிங்களப் பாத்துக்கினு இருந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சி, ஒரு காலையில சுகுணாவ அவ தம்பி பைக்குல கூட்டிக்கினு அந்தாண்ட மூங்கிலுக்கு வந்தான். சொல்லாம வந்துட்டாங்க. அவ கையில துண்டு சுத்தின கொழந்த. வெயிலுக்கு மூடியிருந்ததால முகம் தெரியல, ஒரு கை மட்டும் வெளிய வந்து வந்து போச்சு. ரமணய்யா, "வெள்ளு பாபு, நேனு சூஸ்குண்டா"ன்னாரு. போ, நான் பாத்துக்கறேன்னு அர்த்தம். கியூவுல நின்ன ஒரு வாத்தியாரு, "ரூல்ஸுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான சார், இவருக்கு மட்டும் தனியா?"ன்னாரு. பெத்த புள்ளையப் பாக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ஸுய்யா சொல்லுதுன்னு ஒரு அம்மா அவர்மேல பாஞ்சாங்க. கவர்மெண்டு, கலெக்டரு, ரெண்டு ஸ்டேட்டுன்னு சண்ட பெருசாயிடுச்சு.

நான் மூங்கிலத் தாண்டி ஒரு கால வெச்சேன். அப்பறம் எடுத்துட்டேன். தூரத்துல இருந்தே கையாட்டி, வெயில்ல நிக்காத, கூட்டிக்கினு போன்னு கத்தினேன். வாத்தியாருக்கு பயந்து இல்ல. பதினாறாம் நாள் காரியத்துக்கு பாஸோட அதே கியூவுல நின்ன ஏழுமலை, மெதுவா என்கிட்ட சொன்னத கேட்டதுக்கு அப்பறம் என் கால் போவல: "போய்ப் பாருண்ணா. எங்கம்மா மூஞ்சிய நான் நேர்ல பாக்கல, நீயாவது உன் புள்ள மூஞ்சியப் பாரு."

மூங்கில எடுத்த நாள்

பாஸ் வேணாம்னு ஆர்டர் வந்து, ரெண்டு மூங்கிலையும் ஒரே நாள்ல எடுத்தாங்க. அதுக்கும் சண்ட நடந்துச்சு. இப்போ எடுத்தது சீக்கிரம்னு பாதி பேரு, ரொம்ப லேட்டுன்னு பாதி பேரு. நான் எதுலயும் கலந்துக்கல. டெஸ்ட் எடுத்தேன், ரிசல்ட் நெகட்டிவ்னு வர்ற வரைக்கும் ரெண்டு நாள் வூட்டுக்குள்ளயே கெடந்தேன். அப்பறம் நைனாவ பின்னால உக்கார வெச்சி பைக்க எடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆவல.

கை கால் கழுவிட்டு உள்ள போனேன். எம்பொண்ணு மாமனாரு மடியில உக்காந்திருந்தா. காதுல சின்ன தோடு, கண்ணு அப்படியே சுகுணாவோடது. ரெண்டு கையையும் நீட்டினேன். என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, மாமனாரு சட்டையப் புடிச்சிக்கினு வீல்னு அழுதா. கிலுகிலுப்பைய ஆட்டினேன், பேரச் சொல்லி கூப்புட்டேன், ஒண்ணும் நடக்கல. தெரியாத ஊர்ல பஸ்ஸ விட்டவன் மாதிரி நின்னேன். வெக்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சம்பந்திங்க ரெண்டு பேரும்கூட அன்னிக்கு கவர்மெண்டப் பத்தி ஒரு வார்த்த பேசல. சுகுணா என் கையப் புடிச்சி பக்கத்துல உக்கார வெச்சிட்டு சொன்னா: "அவ வந்து அஞ்சு மாசம் ஆச்சு, நீங்க வந்து அஞ்சு நிமிஷம்தான் ஆவுது. கொஞ்சம் பொறுங்க."

எந்த கவர்மெண்டு நல்லா பாத்துக்கிச்சுன்னு டீக்கடையில இன்னிக்கும் என்ன நடுவுல நிறுத்தி தீர்ப்பு கேக்கறாங்க. பெத்த பொண்ணு மொதமொத குப்புற விழுந்ததப் பாக்காதவன்கிட்ட கேட்டா அது எப்படிப்பட்ட தீர்ப்பா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.